மூச்சு வாங்கினா நடக்கவே கூடாதா? சிஓபிடி நோயாளிகளை வீட்டுக்குள் முடக்கிப் போடுவது எது?

வீட்டில் வயதான ஒருவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தால் சுற்றி இருப்பவர்கள் முதலில் சொல்லும் வார்த்தை இதுதான்: "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்குறோம்." கடைக்குப் போவது நிற்கும். பிறகு கோயில், பிறகு மாடிப்படி. கடைசியில் கட்டிலும் டிவியும்தான் மிச்சம். சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பவர்களுக்கு இந்த ஓய்வே பெரிய ஆபத்தாக மாறுகிறது என்கிறது மருத்துவ உலகம்.

2011-ல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வு இதில் முக்கியமானது. சிஓபிடி உள்ள சுமார் 170 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். யார் உயிரோடு இருப்பார், யார் இறப்பார் என்பதைக் கணிக்க எந்த அளவீடு அதிகம் உதவுகிறது என்று பார்த்தபோது, மற்ற அளவீடுகளை எல்லாம் தாண்டி முதலிடத்தில் வந்தது அந்த நபர் தினமும் எவ்வளவு நடமாடுகிறார் என்பதுதான்.

இதை வைத்து 'நடந்தால் சாவே வராது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் முற்றியவர்கள் இயல்பாகவே குறைவாகத்தான் நடப்பார்கள். ஆனாலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பல ஆண்டுகள் நடந்த, 2006-ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. வாரத்துக்கு 2 மணி நேரமோ அதற்கு மேலோ நடப்பது அல்லது சைக்கிள் ஓட்டுவதற்குச் சமமான உடலசைவு உள்ள சிஓபிடி நோயாளிகளுக்கு, அந்த நோயால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் சுவாசக் கோளாறால் இறக்கும் வாய்ப்பும் 30 முதல் 40 சதவீதம் குறைவாக இருந்தது.

நல்லது என்று தெரிந்தும் அவர்களால் ஏன் நடக்க முடிவதில்லை? 'நுரையீரல் கெட்டுப்போச்சு, அதான்' என்பது பாதி பதில்தான்.

அது என்ன சிஓபிடி?

நம்ம ஊரில் இதற்கு இளைப்பு, வீசிங், 'ஆஸ்துமா மாதிரி' என்று பல பெயர்கள். ஆஸ்துமா வேறு, இது வேறு. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்கும், மருந்து எடுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். சிஓபிடியில் மூச்சுக்குழாய்களும் காற்றுப் பைகளும் ஆண்டுக்கணக்கில் சேதமடைந்து நிரந்தர அடைப்பாகிவிடும். முழுமையாகக் குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தலாம். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையில்தான் இது உறுதியாகத் தெரியும். எக்ஸ்ரே மட்டும் எடுத்துச் சொல்லிவிட முடியாது.

2021-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மரணத்துக்கான காரணங்களில் இது நான்காவது இடம். இந்தியாவில் 2016 நிலவரப்படி சுமார் 5.5 கோடி பேருக்கு சிஓபிடி இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

சிகரெட், பீடிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பணக்கார நாடுகளில் அது பெருமளவு உண்மை. நம்மைப் போன்ற நாடுகளில் விறகடுப்புப் புகை, தொழிற்சாலைத் தூசி, முன்பு வந்துபோன காசநோய் விட்டுச்சென்ற பாதிப்பு எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களிடம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வில், 2.44 சதவீதம் பேருக்கு சிஓபிடி இருந்தது. நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நிற்பவர்களிடம் அது 3 சதவீதம். வாழ்க்கையில் ஒரு பீடிகூடத் தொடாத பெண்கள் இவர்கள்.

நடந்தா ஏன் மூச்சு வாங்குது?

இந்த நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரிய பாடு. குழாய்கள் குறுகியிருப்பதால் காற்று மெதுவாகத்தான் வெளியேறும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அதற்கு நேரம் இருக்கிறது. நடக்கும்போது மூச்சு வேகமாகும். பழைய காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடும். இறங்க வேண்டியவர்கள் இறங்குவதற்குள் அடுத்த கூட்டம் ஏறிவிடும் டவுன் பஸ் மாதிரிதான். உள்ளே நெரிசல், நகர இடமில்லை. நுரையீரல் ஊதிப்போய் உதரவிதானம் கீழே அழுத்தப்படும். அந்த நேரத்தில் எவ்வளவு இழுத்தாலும் காற்று பத்தாதது போலவே இருக்கும்.

ஆனால் நின்றுபோகும் எல்லோருமே மூச்சால் நிற்பதில்லை. கணிசமானவர்கள் கால் தளர்ந்துதான் நிற்கிறார்கள். நோய், ஊட்டச்சத்துக் குறைவு, அடிக்கடி எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை, எல்லாவற்றுக்கும் மேலாக அசையாமல் இருப்பது – இவற்றால் தொடைத் தசை மெலிந்துவிடுகிறது. அதோடு, நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் தசை நார்கள் குறைந்து, சீக்கிரம் களைத்துப்போகும் நார்கள் கூடிவிடுகின்றன. மெலிந்த தசை அதே பத்தடி நடைக்கு முன்பைவிட சீக்கிரமே திணறும். அதனால் மூச்சும் இன்னும் வேகமாக வாங்கும். மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தால் தசை மெலியும், தசை மெலிந்ததால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கும். மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் விஷச் சுழல் இது.

ரிப்போர்ட் ஒண்ணு, நடை வேற

பெல்ஜியத்தின் லூவன் நகரில் 50 சிஓபிடி நோயாளிகளின் உடம்பில் அசைவுமானியைப் பொருத்தி, நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார்கள். 2005-ல் வந்த முடிவு: நோயாளிகள் ஒரு நாளில் சராசரியாக 44 நிமிடம் நடந்தார்கள். அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்கள் நடந்தது 81 நிமிடம். அதாவது கிட்டத்தட்ட பாதி. நிற்கும் நேரமும் இதேபோல் குறைந்திருந்தது, உட்காரும் நேரம் கூடியிருந்தது.

ஸ்பைரோமெட்ரியில் வரும் எண்ணை மட்டும் வைத்து ஒருவர் எவ்வளவு நடப்பார் என்று சொல்ல முடியவில்லை என்பதுதான் இந்தத் துறையில் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் சொல்வது. ஒரே அளவு அடைப்புள்ள இருவரில் ஒருவர் தினமும் மார்க்கெட் போய்வருவார், இன்னொருவர் வாசற்படி தாண்டமாட்டார். நுரையீரலில் இல்லாத ஏதோ ஒன்றுதான் இங்கே வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அதை மாத்திரைச் சீட்டில் எழுத முடியாது என்பதால்தானோ என்னவோ, அதைப் பற்றி யாரும் அதிகம் கேட்பதில்லை.

பயம் செய்யும் வேலை

ஒரு முறை நடுரோட்டில் மூச்சு நின்றுபோவது போல ஆனவருக்கு அடுத்த முறை செருப்பை மாட்டும்போதே படபடப்பு வரும். படபடப்பு வந்தால் மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் முன்னே சொன்ன டவுன் பஸ் கதைதான், உள்ளே காற்று தேங்கும். அதாவது பயமே நிஜமான மூச்சுத்திணறலை உண்டாக்கிவிடுகிறது. சிஓபிடி உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் என்பது நன்கு தெரிந்த விஷயம். மனச்சோர்வு வந்தவருக்கு வெளியே போகவே தோன்றாது.

பயத்தோடு வெட்கமும் இருக்கிறது. பஸ்ஸில் விடாமல் இருமினால் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போகிறார். கொரோனாவுக்குப் பிறகு இது கூடுதலாகியிருக்கிறது. டிபியோ என்று பார்க்கும் பார்வை அதற்கு முன்பிருந்தே உண்டு. தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்குவதை மற்றவர்கள் பார்ப்பது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. பெண்களில் சிலருக்கு இருமும்போது சிறுநீர் கசியும் தொல்லையும் உண்டு. அதை டாக்டரிடம்கூடச் சொல்லாமல், வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள். இன்ஹேலரை நாலு பேர் முன்னால் எடுக்கத் தயங்குவதும், "பம்பு அடிச்சா பழகிடும்" என்று பயந்து நிறுத்துவதும் இந்த வரிசையில்தான் வரும். இன்ஹேலர் போதைப்பொருள் மாதிரி பழகிவிடாது. மூச்சுக்குழாயை விரித்துத் தரும் மருந்தைச் சரியாக எடுக்காமல் நடக்கச் சொல்வது, டயரில் காத்து இல்லாத சைக்கிளை மிதிக்கச் சொல்வதற்குச் சமம்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பார்சிலோனா ஆய்வாளர்கள் கேட்டலோனியா பகுதியில் 400-க்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகளின் சூழலை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். யார் அதிகம் நடக்கிறார்கள் என்று பார்த்ததில் இரண்டு காரணங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒன்று, நாயைக் கூட்டிக்கொண்டு நடை போவது. இரண்டு, பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது.

இதைப் படித்ததும் பல வீடுகளில் தாத்தாவின் முகம் ஞாபகத்துக்கு வரலாம். பேத்தியை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடப் போகும் தாத்தா அதை உடற்பயிற்சி என்று நினைப்பதில்லை. அது அவருடைய வேலை, அவ்வளவுதான். 'தினமும் அரை மணி நேரம் நடங்க' என்ற டாக்டர் அறிவுரை செய்யாததை அந்த வேலை செய்துவிடுகிறது. நெதர்லாந்தில் நடந்த இன்னொரு ஆய்வில், கூட வாழும் துணை சுறுசுறுப்பாக இருந்தால் நோயாளியும் கூடுதலாக நடமாடுவது தெரியவந்தது. அப்படியென்றால் "நீங்க உட்காருங்க" என்பதற்குப் பதில் "வாங்க, பால் வாங்கிட்டு வரலாம்" என்று கூப்பிடுபவர்தான் உண்மையில் உதவி செய்கிறார்.

பெண்களின் கதை இதில் கொஞ்சம் வேறு. வீட்டு வேலை இருப்பதால் அவர்கள் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் சிஓபிடிக்கு ஆகவே ஆகாத அசைவுகள் பல வீட்டு வேலையில்தான் இருக்கின்றன. கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடியில் துணி காயப்போடும்போது, மூச்சுக்கு உதவும் தோள், கழுத்துத் தசைகள் அந்த வேலைக்குப் போய்விடும். உடனே திணறல் வரும். தலை பின்னுவதும் அப்படித்தான். குனிந்து கோலம் போடுவது, குத்துக்காலிட்டுப் பாத்திரம் தேய்ப்பது, இந்திய முறைக் கழிப்பறை எல்லாவற்றிலும் வயிறு மடங்கி உதரவிதானத்தை மேலே அழுத்தும். இத்தனையும் முடித்து ஓய்ந்துபோனவரிடம் 'வாக்கிங் போங்க' என்றால் எப்படிப் போவார்? துணிக் கொடியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கிக் கட்டுவதும், பாத்திரம் கழுவ ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்வதும், வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறுவதும் சின்ன விஷயம் போலத் தெரியும். அப்படி மிச்சமாகும் மூச்சுதான் நடைக்குக் கிடைக்கும்.

தெருவும் ஒத்துழைக்கணுமே!

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல முயற்சிதான், சந்தேகமில்லை. ஆனால் சமதரையில் நூறு மீட்டர் நடந்தாலே நிற்க வேண்டியவருக்கு, சிஓபிடி தீவிரமானவர்களில் பலருக்கு நிலைமை இதுதான், 8 கிலோமீட்டர் கணக்கு எட்டாக்கனி. அவருக்குத் தேவை, தன் வீட்டு வாசலிலிருந்து ஐம்பது அடிக்கு ஒரு முறை உட்கார ஒரு திண்ணை, மேடு பள்ளம் இல்லாத நடைபாதை, பைக் நிறுத்தி மறிக்காத ஓரம். லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவருக்கு, வெளியே போவது என்பதே ஏறிவர முடியுமா என்ற கணக்கில்தான் தொடங்குகிறது.

காற்றும் முக்கியம். லண்டனில் 60 வயது தாண்டிய 119 பேரை ஒரு நாள் வாகனப் புகை மிகுந்த ஆக்ஸ்ஃபோர்டு தெருவிலும், இன்னொரு நாள் ஹைடு பூங்காவிலும் 2 மணி நேரம் நடக்க வைத்தார்கள். அவர்களில் 40 பேர் சிஓபிடி உள்ளவர்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, பூங்கா நடையில் நுரையீரலுக்கும் ரத்தக் குழாய்களுக்கும் கிடைத்த நன்மை, புகைத் தெரு நடையில் பெருமளவு அடிபட்டுப்போனது. சிஓபிடி உள்ளவர்களுக்கு இருமலும் மூச்சுத்திணறலும் கூடின. அதனால் நடக்கும் அதே அரை மணி நேரத்தை மெயின் ரோட்டை விட்டு உள் தெருவிலோ பூங்காவிலோ நடந்தால் லாபம் அதிகம். சித்திரை வெயிலில் காலை 11 மணிக்கும், போகிப் புகையிலும், தீபாவளி இரவிலும் வெளியே போகாமல் இருப்பதில் தப்பே இல்லை. அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கலாம்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு…

சளி முற்றி, மூச்சுத்திணறல் திடீரென அதிகமாகி மருத்துவமனையில் சேரும் சில நாட்களில் நடை கிட்டத்தட்ட பூஜ்யமாகிறது. தொடைத் தசை அந்தக் குறுகிய நாட்களிலேயே வலு இழக்கிறது. வீடு திரும்பி ஒரு மாதமாகியும் பலர் பழைய அளவுக்கு வருவதில்லை. அடுத்த முறை சேரும்போது இன்னும் ஒரு படி கீழே. கவனிக்க வேண்டிய காலம் இதுதான். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் மருந்துப் பெயர்கள் இருக்கும், 'நன்றாக ஓய்வெடுக்கவும்' என்றிருக்கும்.

இதற்கென்றே இருக்கும் சிகிச்சை பல்மனரி ரீஹேபிலிடேஷன், அதாவது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. நடை, கால் கைகளுக்கு வலுப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, உணவு, மன ஆதரவு எல்லாம் சேர்ந்தது. 2015-ல் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, இந்தப் பயிற்சியால் மூச்சுத்திணறலும் களைப்பும் குறைந்து வாழ்க்கைத் தரம் உயர்கிறது என்று தெளிவாகச் சொன்னது. இதைச் சோதிக்கும் வழி எளிது. 30 மீட்டர் நீள வராண்டாவில் 6 நிமிடம் நடக்கவிட்டு, எத்தனை மீட்டர் என்று அளப்பார்கள். சுமார் 30 மீட்டர் கூடினாலே நல்ல முன்னேற்றம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பயிற்சி முடித்தவர் வராண்டாவில் கூடுதலாக நடக்கிறார், வீட்டுக்குப் போனதும் பழையபடி உட்கார்ந்துவிடுகிறார் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நடக்க 'முடிவது' வேறு, நடப்பது வேறு. இடையில் நிற்பவை மேலே சொன்ன பயம், வெட்கம், வீடு, தெரு ஆகியவைதான்.

சரி, எப்படித் தொடங்குவது?

முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். சிஓபிடி உள்ள பலருக்கு இதய நோயும் சேர்ந்தே இருக்கும். மூட்டு வலி, ரத்தசோகை இருந்தாலும் நடை குறையும், அவற்றுக்குத் தனியாக மருத்துவம் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் பரிந்துரைக்கப்பட்டவர் நடக்கும்போது எவ்வளவு வைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் கான்சன்ட்ரேட்டர் குழாயின் நீளம்தான் பலருக்கு உலகத்தின் எல்லையாகிவிடுகிறது. நீளக் குழாய் அல்லது கையில் எடுத்துச்செல்லும் சிலிண்டர் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இலக்கு 10,000 அடி எல்லாம் வேண்டாம். இப்போது நடப்பதைவிட நாளுக்கு 600 முதல் 1,100 அடி கூடினாலே சிஓபிடி நோயாளிக்கு அர்த்தமுள்ள மாற்றம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். போனிலேயே அடிகளை எண்ணலாம். வீட்டில் இருந்து மூன்றாவது மின்கம்பம் வரை இந்த வாரம், நான்காவது வரை அடுத்த வாரம் என்று வைத்துக்கொள்வது இன்னும் எளிது.

நடக்கும்போது மூக்கால் இழுத்து, விசில் அடிப்பது போல் உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். இழுக்கும் நேரத்தைவிட விடும் நேரம் இரண்டு மடங்கு இருக்கட்டும். குழாய்கள் மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியேற இது உதவும். மூச்சு வாங்கினால் நின்று, சுவரிலோ மேசையிலோ கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்துகொள்ளலாம். சூப்பர் மார்க்கெட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது மட்டும் அதிகம் மூச்சு வாங்குவதில்லை என்று சிலர் சொல்வதற்குக் காரணமும் இந்தச் சாய்வுதான். சக்கரம் வைத்த வாக்கர் அதே வேலையைத் தெருவில் செய்யும். முகத்தில் காற்று படும்படி வீசினால் மூச்சுத்திணறல் உணர்வு குறைவதும் ஆய்வில் தெரிந்திருக்கிறது. கையில் ஒரு பனையோலை விசிறி இருந்தால் போதும்.

கொஞ்சம் மூச்சு வாங்குவது பிரச்னை இல்லை. ஒரு வாக்கியத்தைத் திக்காமல் பேச முடிந்தால் வேகம் சரி, ஒற்றை வார்த்தைதான் வருகிறது என்றால் குறைக்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் உதவிக்கு அரசு மருத்துவமனைகளை அணுகலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் ஒரு பகுதி. வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்காக அந்தந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். சுகாதாரத் துறையின் உதவி எண் 104.

நடக்கும்போது நெஞ்சு வலி, தலைசுற்றல், உதடு அல்லது நகம் நீலமாவது, நின்று ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஓய்வெடுத்தும் சரியாகவில்லை என்றால் 108-ஐ அழைக்கவும். சளியின் நிறம் மாறி, அளவு கூடி, வழக்கத்தைவிட மூச்சு அதிகம் வாங்கினால் அன்று நடையை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.